கயிற்றுச் சித்தரும் காலை ஏழு மணி ஆட்டமும்

கயிறு பேசுமா? எங்கள் தொழிற்பேட்டையில் பேசும். வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரே ஒரு ஆளிடம், அதுவும் அவருடைய வலது காதில் மட்டும் பேசும். மற்ற நாள்களில் சங்கக் கட்டடத்தின் மூலையில் சுருண்டு கிடக்கும்.

அந்த ஆளுக்குக் கயிற்றுச் சித்தர் என்று பெயர். போட்டி நெருங்கும் வாரத்தில் அவர் வீட்டு வாசலைப் பார்க்க வேண்டும். இரும்புப் பட்டறை ஆட்கள் ஒரு வரிசை, சலவை நிலையத்து ஆட்கள் ஒரு வரிசை, தபால்காரர்கள் ஒரு வரிசை. தபால்காரர்கள் கடிதம் கொடுக்க வந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கடிதப் பை தோளில் தொங்க, ஊர்க் கடிதமெல்லாம் உள்ளேயே கிடக்க, ஆசி வாங்க வந்தவர்கள். அந்த வாரம் யாருக்கும் கடிதம் வராது. வராவிட்டால் என்ன, கப்பு முக்கியமில்லையா?

விஷயம் இதுதான். எங்கள் பேட்டையில் எட்டுத் தொழிற்கூடங்கள். வருஷா வருஷம் எட்டுக்கும் கயிறு இழுக்கும் போட்டி. அணிக்கு எட்டுப் பேர். மூன்று இழுப்பில் இரண்டு ஜெயித்தால் அடுத்த சுற்று, தோற்றால் வீட்டுக்கு. ஒரே ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்கி, மத்தியானத்துக்குள் கப்பைக் கொடுத்து முடித்துவிடுவார்கள். கப்பு ஒரு சாண் உயரம்தான். ஆனால் அதை வாங்கிய கூடத்து ஆட்கள் அடுத்த ஒரு வருஷம் தெருவில் நடக்கிற நடையே வேறு.

போட்டிக்கு முந்தின நாள் சித்தர் கயிற்றில் காதை வைத்துக் கேட்பார். கயிறு ஒரு கூடத்தின் பெயரைச் சொல்லும். அந்த அணியின் இடுப்பில் ஆளுக்கொரு பச்சை நாடா கட்டிவிடுவார். மறுநாள் அவர்கள்தான் ஜெயிப்பார்கள். மூன்று வருஷமாக ஒரு தடவைகூடத் தப்பவில்லை. ஒரு வருஷம் காதை வைத்தபடியே தூங்கிப்போய்க் குறட்டை விட்டார். "கயிறு உறுமுதுடா!" என்று கூட்டம் மெய்சிலிர்த்தது. நானும் சிலிர்த்தேன். மறைப்பானேன்?

போன வருஷம்தான் உச்சம். கயிறு தையற்கூடத்தின் பெயரைச் சொன்னது. உட்கார்ந்து உட்கார்ந்து தைத்து முதுகு வளைந்த எட்டுப் பேர். பலத்த காற்றடித்தால் கதவைப் பிடித்துக்கொள்கிற உடம்பு. அவர்கள் அரையிறுதியில் இரும்புப் பட்டறையை இழுத்து மண்ணைக் கவ்வ வைத்தார்கள். சம்மட்டி பிடிக்கிற எட்டுப் பேரை, ஊசி பிடிக்கிற எட்டுப் பேர்! அதற்குப் பிறகும் சந்தேகப்படுகிறவன் மனிதனா?

சித்தர் காசைக் கையால் தொடமாட்டார். அவ்வளவு சுத்தம். பொருளைத் தொடுவார். முதல் வருஷம் ஜெயித்த தச்சுக்கூடம் அவருக்கு ஆடும் நாற்காலி செய்து கொடுத்திருந்தது. இரண்டாம் வருஷம் ஜெயித்த சலவை நிலையம் அவருடைய அங்கிகளை ஆண்டு முழுவதும் வெளுத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தது. தையற்கூடம் பன்னிரண்டு புது அங்கிகள் தைத்துக் கொடுத்தது. பேக்கரிக்காரர்கள் மட்டும் ஒரு தடவை தெரியாத்தனமாக முந்தின நாள் சுட்ட பழைய பன்னைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து கயிறு அவர்களோடு பேசுவதில்லை.

சித்தருக்கு ஒரு மச்சினன். அவர்தான் சங்கத்தின் போட்டிச் செயலாளர். எந்த அணி எந்த அணியோடு எத்தனை மணிக்கு இழுக்க வேண்டும் என்று அட்டவணை போடுகிறவர் அவரே. இது ரகசியம் ஒன்றுமில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கிறார்கள். எல்லாருக்கும் தெரியும். தெரிந்து வைத்துக்கொண்டு என்ன செய்தோம்? அந்த வீட்டு வாசலில்தான் வரிசையில் நின்றோம்.

இவ்வளவு பேசுகிற நான் யார்? அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். அந்த அட்டவணையை வருஷா வருஷம் அச்சடிப்பது எங்கள் அச்சகம். ஒரு வருஷம் 'அரையிறுதி'யில் 'று' விட்டுப்போயிருந்தது, உடனே பிடித்துவிட்டேன். அவ்வளவு கூர்மையான கண் எனக்கு.

இந்த வருஷம் பஸ் டிப்போவுக்குக் கப்பு ஆசை வந்தது. ஆசை வந்தால் போதுமா? சித்தருக்குக் கொடுக்க அவர்களிடம் என்ன இருக்கிறது? பஸ்ஸைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா? சித்தரே வழி சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்ப்பா. என் வாசல்ல ஒரு பஸ் ஸ்டாப் வைங்க. பக்தருங்க பாவம், அவ்வளவு தூரம் நடந்து வர்றாங்க."

மானேஜர் தலையாட்டிவிட்டார். ஆனால் பஸ் நேரத்தை மாற்றி எழுத வேண்டியவர் ஒருவர் இருந்தார். டிப்போவில் எந்த டிரைவர் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று பதினொரு வருஷமாக எழுதி வருகிற பெண். எல்லாருக்கும் அவர் டியூட்டி அக்கா. அவர் முடியாது என்றார்.

"அந்தச் சந்துக்குள்ள வண்டி திரும்பி வந்தா ஒன்பது நிமிஷம் போகும் சார். காலை ஷிப்டுக்குப் போறவங்க அத்தனை பேருக்கும் லேட் விழும். ஒரு வீட்டுக்காக ஊரே லேட்டா போகணுமா?"

செய்தி சித்தர் காதுக்குப் போனது. கயிறு பேசுகிற காதாயிற்றே, சும்மா இருக்குமா? அன்று சாயங்காலமே சொல்லிவிட்டார். "டிப்போ ஏன் இத்தனை வருஷமா ஜெயிக்கலேன்னு இப்பத்தான் தெரியுது. அந்தம்மாவுக்கு ராசி இல்ல."

அவ்வளவுதான். நேற்றுவரை "அக்கா, எனக்கு வெள்ளிக்கிழமை லீவு போட்டுக் குடுங்க" என்று குழைந்த டிரைவர்கள், அவர் எதிரே வந்தால் டயரைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்கள். மனு எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். மானேஜரின் மேஜையில் ஒரே கண்ணாடிக் குண்டுக்கு அடியில் இரண்டு காகிதங்கள் சேர்ந்தன. ஒன்று, சித்தர் வாசலில் பஸ் ஸ்டாப். இன்னொன்று, டியூட்டி அக்காவுக்கு மாற்றல், ஊருக்கு வெளியே இருக்கும் தொலைந்த பொருள் கிடங்குக்கு. அங்கே குடைகளும் ஒற்றைச் செருப்புகளும்தான் துணை. மானேஜர் துணிச்சலான மனிதர் இல்லை. "கப்பு வரட்டும், ரெண்டுலயும் கையெழுத்துப் போடுறேன்" என்று சொல்லிவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை. டிப்போ அணியில் கயிற்றின் கடைசியில் நிற்கிற ஆள், கயிற்றை உடம்பில் சுற்றிக்கொண்டு அசையாமல் ஊன்றுகிற தடியர், டியூட்டி அக்காவின் வீட்டுக்காரர்தான். டிரைவர். எல்லாரும் நங்கூரம் என்று கூப்பிடுவார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் பீரோவில் கயிறு கட்டி இழுத்துப் பழகிக்கொண்டிருந்தவர், மூச்சு வாங்கியபடி சொன்னார். இதை அவர் வாயாலேயே பிறகு என்னிடம் சொன்னார்.

"இந்தா பாரு, ஞாயித்துக்கிழமை நீ மைதானத்துப் பக்கம் வர வேண்டாம்."

"ஏங்க, நீங்களுமா அதை நம்புறீங்க?"

"நான் எங்க நம்புறேன்? எட்டுப் பேருல ஏழு பேரு நம்புறான்."

"எட்டாவது ஆளு?"

"நான்தான்."

"அந்த எட்டாவது ஆளு மனுவுல கையெழுத்துப் போடலையே?"

நங்கூரம் பீரோவைப் பார்த்தார். "கடைசியாத்தான் போட்டேன். அதுவும் சின்னதா."

பதினான்கு வருஷம் சேர்ந்து குடித்தனம் நடத்திய மனிதர் சின்னதாகப் போட்ட கையெழுத்து அக்காவுக்குப் பெரிதாக வலித்தது. கணவரின் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த அட்டவணையை உருவி எடுத்தார். கோபத்தில் கிழிக்கத்தான் எடுத்தாராம். ஆனால் நேரமும் பெயரும் வரிசையாக எழுதிய காகிதம் கையில் கிடைத்தால் அவருக்குப் படிக்காமல் இருக்க முடியாது. அதுதானே தொழில்!

சனிக்கிழமை காலை அச்சகத்துக்கு வந்தார். "போன மூணு வருஷ அட்டவணையும் உங்ககிட்ட இருக்கா?"

இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். நாலையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினார்.

"முதல் வருஷம் காலை ஏழு மணி ஆட்டம் யாரு?"

"தச்சுக்கூடம்."

"அடுத்த வருஷம்?"

"சலவை நிலையம். அதுக்கப்புறம் தையல்." சொல்லும்போதே எனக்கு உறைத்தது. "மூணு பேரும் ஜெயிச்சவங்க!"

"இந்த வருஷம்?"

"பஸ் டிப்போ. அக்கா, ஆனா கயிறு இன்னிக்கு மத்தியானம்தானே பேசப்போகுது? இதை வியாழக்கிழமையே அச்சடிச்சுட்டோமே!"

"கயிறு செயலாளர்கிட்ட முன்னாடியே பேசியிருக்கும். சரி, நாலு வருஷமும் அந்த ஏழு மணி ஆட்டத்துல எதிரணி யாரு?"

"பேக்கரி. பேக்கரி. பேக்கரி. பேக்கரி."

"பேக்கரிக்காரங்க எத்தனை மணிக்கு வேலை முடிப்பாங்க?"

விடிய விடிய மாவு பிசைந்து, ரொட்டி சுட்டு, ஆறு மணிக்குத்தான் அடுப்பை அணைப்பார்கள். ஏழு மணிக்குக் கயிற்றைப் பிடிப்பார்கள். போன வருஷம் அவர்களில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி நின்றே தூங்கினார். சித்தரின் சக்தியில் மயங்கிவிட்டார் என்று நாங்கள் வாயைப் பிளந்தோம்.

"அப்புறம் பாருங்க," என்று அக்கா விரலை வைத்தார். "முதல் ஆட்டத்துல ஜெயிச்சவங்களும் நாலாவது ஆட்டத்துல ஜெயிச்சவங்களும் அரையிறுதியில மோதணும். முதல் ஆட்டக்காரங்க மூணு மணி நேரத்துக்கு மேல நிழல்ல படுத்திருப்பாங்க. நாலாவது ஆட்டக்காரங்க மூச்சு வாங்கி முடிக்கிறதுக்குள்ள, பத்தே நிமிஷத்துல அடுத்த கயிறு. போன வருஷம் நாலாவது ஆட்டம் யாரு?"

"இரும்புப் பட்டறை." தையற்காரர்களிடம் மண்ணைக் கவ்விய அதே இரும்புப் பட்டறை.

"இறுதிப் போட்டியும் இதே கதைதான். இவங்க அரையிறுதியை முதல்ல முடிச்சுட்டு உக்காந்திருப்பாங்க. எதிரணி ரெண்டாவது அரையிறுதியை இழுத்துட்டு நேரா இங்க வந்து நிக்கும். நான் ஒரு டிரைவருக்கு இப்படி டியூட்டி போட்டா வண்டி மரத்துல போய் நிக்கும். என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இந்தச் செயலாளரு போட்டா சித்து!"

எனக்குக் காது சுட்டது. நாலு வருஷமாக இந்தக் காகிதத்தில் எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படித்தவன் நான். சித்தர் எதையும் ஒளித்து வைக்கவே இல்லை. அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தார். பேட்டையில் முந்நூறு பேரும் கயிற்றைப் பார்த்தோம், ஒருவரும் சுவரைப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் சங்கக் கட்டடத்தில் மூச்சுவிட இடமில்லை. ராசியில்லாதவர் என்பதால் அக்காவை உள்ளே விடவில்லை. வாசலிலேயே நின்றார். சித்தர் இஸ்திரி கலையாத அங்கியில் வந்து, கயிற்றின் மேல் காதை வைத்துக் கண்ணை மூடினார்.

"ம்ம்ம்... சொல்லு... கொஞ்சம் சத்தமாச் சொல்லு... எது, டிப்போவா? பஸ் டிப்போவா?" கண்ணைத் திறந்தார். "பஸ் டிப்போ!"

கட்டடம் அதிர்ந்தது. நங்கூரமும் மற்ற ஏழு பேரும் இடுப்பைக் காட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பச்சை நாடா கட்டி முடிந்ததும் வாசலிலிருந்து குரல் வந்தது.

"சாமி, ஒரு சந்தேகம். கயிறு சொன்னா சொன்னதுதானே?"

"கயிறு வாக்கு மாறாது தாயே."

"எத்தனை மணிக்கு இழுத்தாலும் டிப்போதான் ஜெயிக்குமா?"

சித்தருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "காலையில இழுத்தாலும் ஜெயிக்கும்! மத்தியானம் இழுத்தாலும் ஜெயிக்கும்! ஒத்தைக் காலில நின்னு இழுத்தாலும் ஜெயிக்கும்!"

கூட்டம் கைதட்டியது. கைதட்டல் என்றால் சித்தருக்கு உயிர். அன்று அதுவே வினையாகிவிட்டது.

"ஒத்தைக் கால் வேண்டாம் சாமி, ரெண்டு காலாலயே இழுக்கட்டும். முதல் ஆட்டத்தை நாலாவதா வைங்க. நாலாவதை முதல்ல வைங்க. வேற எதையும் மாத்த வேண்டாம். அதே டிப்போ, அதே பேக்கரி, அதே கயிறு, அதே நாடா. ஏழு மணிக்குப் பதிலா பத்தரை மணி."

"இதுல என்ன இருக்கு, மாத்திடலாமே!" என்றார் இரும்புப் பட்டறை மேஸ்திரி.

செயலாளர் துள்ளி எழுந்தார். "முடியாது! அட்டவணை ஒட்டியாச்சு! பசை காஞ்சுபோச்சு!"

"பசை காஞ்சா என்ன? பேனாவால அடிச்சு எழுதுங்க."

"பேனா இல்ல!"

தபால்காரர்கள் பையிலிருந்து பதினைந்து பேனாக்கள் நீண்டன. செயலாளர் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். "இது நீல மை. அச்சு கறுப்பு. நல்லா இருக்காதுங்க... மாமா, நீங்க சொல்லுங்க மாமா!"

சித்தர் என்ன சொல்வார்? எப்போது இழுத்தாலும் ஜெயிக்கும் என்று முந்நூறு பேர் முன்னால் அளந்துவிட்ட வாய். அப்போதுதான் மூலையில் சாய்ந்திருந்த பேக்கரி மாஸ்டர் கண்ணைத் திறந்து கேட்டார். "பத்தரை மணிக்கா? அப்போ நாங்க தூங்கிட்டு வரலாமா?"

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணி. பேக்கரி அணி வந்தது. அவர்களை விழித்த நிலையில் நாங்கள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வருஷக்கணக்கில் மூட்டை மூட்டையாக மாவு பிசைந்த எட்டு ஜோடிக் கைகள், முகம் கழுவி, நாலு மணி நேரம் தூங்கி, பசியாறி வந்திருந்தன. எதிரே பச்சை நாடா.

விசில் ஊதினார்கள். டிப்போ போனது. போனது என்றால் போயே போனது. நங்கூரம் ஊன்றிய குதிகால் இரண்டும் மைதானத்தில் கோடு கிழித்துக்கொண்டே போயின. அந்தத் தடத்தில் விதை போட்டிருந்தால் முளைத்திருக்கும். இரண்டாம் இழுப்பு இன்னும் சீக்கிரம் முடிந்தது. மூன்றாவதற்கு வேலையே இல்லை.

சித்தர் ஆடும் நாற்காலியிலிருந்து எழுந்து கையை நீட்டினார்.

"அவ வந்திருக்கா! அந்த ராசியில்லாதவ இங்கதான் எங்கயோ ஒளிஞ்சு நிக்கிறா! தேடுங்கடா!"

நாலு பேர் தேடவும் கிளம்பிவிட்டார்கள். அதுதான் எங்கள் ஊர். ஆனால் வாயெல்லாம் மண்ணாக எழுந்த நங்கூரம், போனை எடுத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"எங்க இருக்கே?"

"எங்க இருப்பேன்? டிப்போவுலதான். நீங்க எட்டுப் பேரும் லீவு, மூணு வண்டிக்கு ஆள் தேடிட்டிருக்கேன். ஆட்டம் என்ன ஆச்சு?"

"தோத்துட்டோம்."

"உங்களுக்கு அடி கிடி பட்டுச்சா?"

ஜெயித்தால் கிடங்குக்குப் போக வேண்டிய பெண், தோற்றதற்குச் சந்தோஷப்படாமல் அடி பட்டதா என்று கேட்கிறார். "இல்லம்மா" என்று நங்கூரம் மெல்லச் சொன்னார்.

"சாயங்காலம் வெந்நீர் வெச்சுத் தரேன். போனை வெச்சுடறேன், ஏழாம் நம்பர் கிளம்பாம நிக்குது."

நங்கூரம் இடுப்பு நாடாவை அவிழ்த்துச் சித்தர் காலடியில் போட்டார். ஒரே மூச்சில் மற்ற ஏழு நாடாக்களும் விழுந்தன.

நான் மைக்கைப் பிடித்தேன். வாழ்நாளில் முதல் தடவை. நாலு வருஷ அட்டவணையையும் வரிசையாக வாசித்தேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. ஆட்டம், நேரம், அணி, அவ்வளவுதான். இரண்டாவது வருஷத்தை வாசிக்கும்போது பேக்கரி மாஸ்டர் கர்ஜித்தார். "அடப்பாவிகளா, இத்தனை வருஷமா எங்களைத் தூக்கத்துலயாடா இழுத்தீங்க?" இரும்புப் பட்டறை மேஸ்திரிக்கு அடுத்த காகிதத்தில் விளங்கியது. "நாலாவது ஆட்டம்! பத்து நிமிஷம்! அதான் தையற்காரன்கிட்ட..." என்று அவர் வாக்கியத்தை முடிக்காமலே சட்டைக் கையைச் சுருட்டினார்.

தையற்காரர்கள் மட்டும் பாவம், மெதுவாகக் கேட்டார்கள். "அப்போ நாங்க நிஜமா பலசாலி இல்லையா?"

சித்தர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கம்பி நீட்டினார். வாசலில் ஒரு பஸ் ஸ்டாப் மட்டும் இருந்திருந்தால் வசதியாக ஏறிப் போயிருப்பார். மச்சினன் பின்னாலேயே "மாமா, நானும் வரேன் மாமா!" என்று ஓடினார். பேக்கரிக்காரர்கள் துரத்தினார்கள். நன்றாகத் தூங்கி எழுந்தவர்கள் ஆயிற்றே, வேகமாகத்தான் துரத்தினார்கள்.

எட்டு அணிக்கும் முதலிலிருந்து நடத்துவதாக, போட்டியை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். எல்லா அணிக்கும் சமமான ஓய்வு கிடைக்கிற மாதிரி அட்டவணை எழுதித் தரும்படி டியூட்டி அக்காவைச் சங்கம் கேட்டுக்கொண்டது. திங்கட்கிழமை காலை மானேஜர் கண்ணாடிக் குண்டைத் தூக்கி, இரண்டு காகிதத்தையும் கிழித்துப் போட்டார். கதை இங்கே முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் அன்று டிப்போவில் அக்காவின் மேஜைக்கு முன்னால் ஒரு வரிசை நின்றது. டிரைவர்கள், தச்சர்கள், தபால்காரர்கள். சலவை நிலையத்தார் இஸ்திரி போட்ட மேஜை விரிப்பு கொண்டுவந்திருந்தார்கள். தையற்காரர்கள் நாற்காலிக்கு மெத்தை தைத்து வந்திருந்தார்கள். வரிசையில் முதல் ஆள் நங்கூரம்.

"என்னங்க இது?" என்றார் அக்கா.

"ஒண்ணுமில்ல. உன் கையால எங்க அணி பேரை முதல்ல எழுதினா ராசின்னு பசங்க சொல்றாங்க. கைராசிக்காரியாம் நீ."

அக்கா எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "வெள்ளிக்கிழமை ராசியில்லாதவ. திங்கக்கிழமை கைராசிக்காரி. நடுவுல ரெண்டு நாள் இருந்துச்சே, அதுல எவனாவது ஒருத்தன் யோசிச்சானா?"

வரிசை தலையைச் சொறிந்தது. பின்னாலிருந்து ஒரு டிரைவர், உண்மையாகவே, பணிவாகச் சொன்னார். "யோசிக்கிறதுக்கு டியூட்டி போடலையே அக்கா."

அக்கா டியூட்டிப் புத்தகத்தை இழுத்தார். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் எழுதினார்: தினமும் காலை, வண்டி எடுக்கும் முன், பத்து நிமிஷம், யோசிப்பதற்கு. கணவர் பெயருக்கு எதிரில் மட்டும் இருபது நிமிஷம். எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சுவரில் ஒட்டினார். விரிப்பையும் மெத்தையையும் திருப்பிக் கொடுத்து அனுப்பினார்.

உங்கள் அட்டவணையில் அந்தப் பத்து நிமிஷம் இருக்கிறதா? எழுந்தது முதல் படுக்கிறது வரை வரி வரியாகத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அதை வேறு யாரும் வந்து போட்டுத் தரமாட்டார்கள். நீங்கள் யோசிக்காமல் இருக்கும் வரைதான் கயிற்றுச் சித்தர்களுக்கெல்லாம் பிழைப்பு.